முகாமிலிருந்து வரும் நம் மாணவிகள்

(வட்டார வள மையத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியில் நான் பட்டதாரி ஆசிரியர். முகாம் பிள்ளைகள் இல்லாத வகுப்பை நான் நடத்தியதில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பலர் இலங்கையைப் பார்த்ததே இல்லை. ஆனால் 1987 ஜூலைக்குப் பின் இங்கே பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. இந்தச் சிக்கலை நம்மால் தீர்க்க முடியாது. ஆனால் அது வீட்டுக்குள் அச்சமாக உட்கார்ந்திருக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2021-இல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நம் வராண்டாக்களில் "அந்த அகதிப் பையனைக் கூப்பிடு" என்ற குரல் மட்டும் இன்னும் ஓயவில்லை. பையனுக்குப் பெயர் இருக்கிறது!

சேர்க்கை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் என்கிறது. வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று திருப்பி அனுப்ப நமக்கு அதிகாரமில்லை.

நான் பேச வந்தது வருகைப் பதிவேடு பற்றி. முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் பிள்ளைகள் வரமாட்டார்கள். அவர்கள் அதைச் 'செக்கிங்' என்பார்கள். அந்த விடுப்பு நமக்குப் புரியும். நன்றாகப் படிக்கும் எட்டாம் வகுப்பு மாணவி வாரத்தில் இரண்டு நாள் காரணமில்லாமல் வராமல் இருந்தால், அது வேறு. அப்பா பெயிண்ட் வேலைக்கு வெளியூர் போயிருப்பார், திரும்பப் பல நாள் ஆகும். அம்மா கூலி வேலையில். பழைய வரிசை வீடுகளில் பத்துக்குப் பத்து அடி அறை, தட்டிதான் தடுப்பு. கழிப்பறை தள்ளி இருக்கும். புதிய வீடுகள் கட்டித் தந்திருக்கும் முகாம்களில் நிலைமை மேல். மற்ற இடங்களில் இருட்டிய பிறகு ஒரு பெண் பிள்ளை வெளியே போய் வருவதே பயம்தான். பாதுகாப்புக்கு என்று சொல்லி 16 வயதில் கல்யாணம் பேசுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

தவறு நடந்தால் அந்த வீடு வாய் திறக்காது. ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "டீச்சர், பொலிசுக்குப் போனா எங்கட பதிவுக்கு ஏதும் வருமோ?" மகளுக்கு நேர்ந்ததை விட முகாம் பதிவு பெரிதா என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். பதிவு போனால் வீடும் உதவித்தொகையும் போய்விடும் என்று நம்புகிறவர் அவர். நம் கோபம் அவர் மேல் திரும்ப வேண்டாம்.

2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தை இந்த இடத்தில்தான் நான் நம்புகிறேன். குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தம் கீழுள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. இதைத் தண்டனைப் பயமாகவே பயிற்சிகளில் சொல்கிறோம். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். கடமை நம்முடையது என்பதால், அந்தத் தாய் முதல் ஆளாக நிலையப் படி ஏற வேண்டியதில்லை. தகவல் பள்ளியிலிருந்து போகும். நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக நம் மேல் வழக்கும் வராது.

குழந்தை சொன்னதைச் சொன்னபடி எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். நாம் விசாரணை அதிகாரிகள் அல்ல. முகாம் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசி முடிக்கும் வேலை அறவே வேண்டாம். ஆசிரியர் அறையில் பிள்ளையின் பெயர் அடிபடக் கூடாது. குழந்தைத் திருமணம் என்றாலும் 1098-க்கு அழைக்கலாம். பெண்களுக்கு 181.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் முகாம் தாய் ஒருவர் உறுப்பினர். அவர் யோசனைப்படி கூட்டத்தை முகாமிலேயே, வேலை முடிந்து வந்தபின், மாலை ஏழு மணிக்கு வைத்தோம். பள்ளியில் வைத்தால் நான்கு பேர் வருவார்கள். அன்று பாய் போதவில்லை. வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, பிள்ளையை இரவில் நிலையத்தில் வைக்கக் கூடாது என்று சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "எங்களைக் கேக்கவே மாட்டினமா?" என்றார் பின்னால் இருந்த ஓர் அம்மம்மா. கேட்பார்கள், ஆனால் பிள்ளைக்கு நம்பிக்கையானவர் பக்கத்தில் இருக்கலாம் என்றேன். "அப்ப நீங்கள் இருங்கோ" என்றார்.