பின்சீட்டில் இருப்பவர் யார்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையில் வாசலில் நின்று பார்த்தேன். சேலையூர், வண்டலூர், மேடவாக்கம்னு எல்லாப் பக்கமிருந்தும் காருக்கு நாலைந்து பேராக வந்து இறங்கினீர்கள். எல்லாம் அந்தக் காலத்துல மின்சார ரயிலில் தொங்கிக்கிட்டு வந்த ஆட்கள்தான்! அதில் பாதி, பத்து வருஷத்துக்கு மேல் ஓடின கார்.

"வண்டியே ஒரு லட்சத்துக்குப் போகாது சார், தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுட்டேன்" என்பார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி அது கட்டாயம். நல்ல காப்புதான். நாம் மோதி வெளியாள் ஒருவர் இறந்தால், தீர்ப்பாயம் சொல்லும் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் நம் நண்பர்கள் அந்த வரம்பைத் தாங்களே தேர்ந்தெடுக்கணும். நமக்கு அந்தக் கவலை இல்லை. பொருள் சேதத்துக்குத்தான் 7.5 லட்சம் என்று எல்லை. ஜி.எஸ்.டி. சாலையில் வெளிநாட்டுக் கார் மேல இடிச்சா, அதற்கு மேல் கைக்காசு. பிரீமியம் குறையும்னு இதையும் 6,000 ரூபாய்க்கு இறக்குகிறவர்கள் உண்டு. வேண்டாம் சாமி.

ஆனால் அந்த 'வெளியாள்' யார்? பின்சீட்டில் இருக்கிற உங்கள் சம்சாரமோ சிநேகிதனோ அதில் சேர மாட்டார்கள். காருக்குள் இருந்து இறந்த ஒருவர் குடும்பத்துக்கு 14.65 லட்சம் கொடுக்கும்படி ஈரோடு தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது. எடுத்திருந்ததோ வெறும் 'ஆக்ட் பாலிசி'. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கூடவே, புது வண்டிகளுக்கு 5 வருஷம் 'பம்பர் டு பம்பர்' கட்டாயம் என்ற உத்தரவு. செப்டம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. ஊரெல்லாம் பம்பரைப் பற்றித்தான் பேச்சு. பின்சீட்டை யார் பேசினார்கள்?

காம்ப்ரிஹென்சிவ் பாலிசி என்றால் உள்ளே இருப்பவர்களுக்கும் கம்பெனி பொறுப்பு. 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டியின் விலையைப் பார்க்கிறோம், ஏறுகிற ஆளைப் பார்ப்பதில்லை. அது கட்டுப்படியாகாவிட்டால், பயணிகளுக்கு விபத்துக் காப்பாவது சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாணவத் தம்பிகளே, அப்பா காரை ஓட்டுறீங்களா? பாலிசியில் போட்டிருக்கும் 15 லட்சம் விபத்துக் காப்பு உரிமையாளர்-ஓட்டுநருக்கு மட்டும், அதாவது அப்பாவுக்கு. உங்களுக்கு இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு காரிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துட்டு வாங்க. நான் மரத்தடியிலதான் உட்கார்ந்திருப்பேன்; சேர்ந்து படிச்சுப் பார்ப்போம்.