அஞ்சடியும் உள்கடையும்

(பொன்விழாவையொட்டி நம் சங்கம் நடத்திய வணிகர் சந்திப்பில் ஆற்றிய உரை)





வணிகர்களுக்கான இணையக் குழுமத்தை எப்படி அமைப்பது, அதில் எது எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், எது நமக்குள் இருக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கணினிப் படிப்பு படித்தவர்கள் இந்த அவையில் பலர் உண்டு. நான் கடைக்காரன். ஆகவே கடையிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் முன்னோர் இந்த ஊருக்கு வந்து கடை போட்ட இடங்களை நினைத்துப் பாருங்கள். கடைவீட்டுக்கு முன்னால் அஞ்சடி. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் கூரையோடு கூடிய நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அந்த இடம் வீட்டுக்காரருடையது. ஆனால் நடக்கும் உரிமை ஊருக்கெல்லாம் உண்டு. மழைக்கு ஒதுங்குகிறவர், விலை கேட்கிறவர், சும்மா நின்று பேசுகிறவர் என்று எல்லாரும் அங்கே வரலாம். அதைத் தாண்டினால் கல்லாப்பெட்டி. அங்கே வாங்குகிறவருக்கு மட்டும் வேலை. இன்னும் உள்ளே போனால் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்துக் கணக்குப் பார்க்கும் இடம். அங்கே யார் உட்காரலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் பலகையில் எழுதி மாட்டவில்லை.

இந்த மூன்று இடங்களுக்கும் ஒரே கூரைதான். ஆனால் அஞ்சடியில் பேசும் பேச்சு வேறு, கணக்குப் பாயில் பேசும் பேச்சு வேறு. இன்று நம் வணிகப் பேச்செல்லாம் ஒரே வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. அங்கே அஞ்சடியும் இல்லை, உள்கடையும் இல்லை. பல நூறு பேர் ஒரே அறையில் நின்றுகொண்டு ஒருவர் ஜனாஸா அறிவிப்பும், ஒருவர் பிரியாணி விளம்பரமும், ஒருவர் வாடகைக் கவலையும், ஒருவர் வெள்ளிக்கிழமை வாழ்த்துப் படமும் போடுகிறோம். இந்த வாழ்த்துப் படங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. சொன்னால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். நடந்த ஒன்றைப் பெயரில்லாமல் சொல்கிறேன். ஒரு வணிகர்க் குழுவில், உறுப்பினர் ஒருவர் இன்னொருவர் தரவேண்டிய பாக்கியைத் தொகையோடு எழுதிவிட்டார். கோபத்தில் எழுதியதுதான். அரைமணி நேரத்தில் அதைப் படம்பிடித்து யாரோ ஊர்க்குழுவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அது கடன்பட்டவரின் தாயாருடைய கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தது. பாக்கி பிறகு தீர்ந்தது. ஆனால் முப்பது வருடம் ஒன்றாகச் சரக்கு எடுத்த இருவரும் இன்று ஒருவருக்கொருவர் சலாம் சொல்வதில்லை. பழைய கணக்குப் பாயில் இதே சண்டை நடந்திருந்தால் ஒரு பெரியவர் நடுவில் உட்கார்ந்து தேநீர் ஆறுவதற்குள் தீர்த்திருப்பார்.

இன்னொரு பக்கமும் உண்டு. நம் கடைகளைப் பற்றி வெளியார் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள், அதாவது எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், நோன்பில் என்ன கிடைக்கும், யாரிடம் மொத்தமாக மசாலா வாங்கலாம் என்பதெல்லாம், அந்தக் குழுவுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கின்றன. தேடுகிறவர் கண்ணில் அவை படுவதே இல்லை. மறைக்க வேண்டியது வெளியே போகிறது, காட்ட வேண்டியது உள்ளே கிடக்கிறது.

2020ஆம் ஆண்டை நினைவுபடுத்துகிறேன். ஏப்ரல் 7ஆம் தேதி ‘சர்க்கிட் பிரேக்கர்’ தொடங்கி ஜூன் 1 வரை நீடித்தது. அந்த வருடம் நோன்பு முழுக்க அதற்குள் வந்தது. பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. கேலாங் சிராய் ரமலான் சந்தையும் இல்லை. உணவங்காடிகளில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பொட்டலம் மட்டும்தான். அப்போது அங்காடிக்காரர் ஒருவர் ஃபேஸ்புக்கில் ‘ஹாக்கர்ஸ் யுனைடட் தாப்பாவ் 2020’ என்று ஒரு குழுவைத் தொடங்கினார். எந்த அங்காடிக்காரரும் தன் கடை, இடம், உணவு வகை, எப்படி வாங்குவது என்பதை அங்கே போடலாம். லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் சேர்ந்தார்கள். கைப்பேசியில் படம் எடுக்கவே தெரியாத பெரியவர்களின் கடைகளுக்காகப் பிள்ளைகளும் வாடிக்கையாளர்களும் எழுதினார்கள். அது சுத்தமான அஞ்சடி. கூட்டம் வர வர எல்லாருக்கும் லாபம்.

அதே மாதங்களில் நம்மில் நாணயமாற்றுத் தொழில் செய்பவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். சேஞ்ச் ஆலி காலத்திலிருந்து நம் சமூகத்தோடு சேர்த்தே பேசப்படும் தொழில் அது. எல்லைகள் மூடிவிட்டன, பயணி இல்லை, நோட்டு மாற்ற ஆள் இல்லை. அவர்களுக்கு விளம்பரம் என்ன உதவி செய்யும்? ‘எங்கள் கடைக்கு வாருங்கள்’ என்று யாரிடம் சொல்வது? அவர்களுக்கு வேண்டியிருந்தது உள்கடை. வாடகைத் தள்ளுபடிக்கு வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது, அரசாங்கத்தின் சம்பள ஆதரவுத் திட்டத்தில் என்ன கிடைக்கும், ஊழியரை நிறுத்தாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்பதையெல்லாம் எந்த வணிகரும் ஊர் பார்க்கும் இடத்தில் கேட்க மாட்டார். கேட்டால் சரக்கு தருகிறவர் கடனை நிறுத்துவார், பெண் கேட்டு வந்தவர்கள் யோசிப்பார்கள். தன்னைப் போன்ற பத்துப் பேர் மட்டும் இருக்கும் இடத்தில்தான் அந்த வாய் திறக்கும்.

ஒரே வருடம், ஒரே நோய், ஒரே சமூகம். ஒரு தொழிலுக்குத் திறந்த இடமும் இன்னொரு தொழிலுக்கு மூடிய இடமும் தேவைப்பட்டன. உண்மையில் ஒவ்வொரு தொழிலுக்கும் இரண்டுமே தேவை. எந்த நேரத்தில் எது என்பதுதான் மாறுகிறது.

சரி, எப்படி அமைப்பது? என் யோசனையைச் சொல்கிறேன். செயலவை ஏற்றுக்கொள்ளலாம், மாற்றலாம்.

வெளியே, நம் சங்கத்தின் பெயரில் ஒரு திறந்த பக்கம். உறுப்பினர்களின் கடைப் பட்டியல், நேரம், இடம், தொழில். பார்ப்பதற்குப் பதிவும் கடவுச்சொல்லும் கேட்கக் கூடாது. அஞ்சடியில் நுழைவுச்சீட்டு வைத்தால் எவரும் நடக்க மாட்டார். அதோடு ஒரு வாட்ஸ்அப் சேனல் வைக்கலாம். 2023இல் அந்த வசதியை உலகத்தில் முதலில் அறிமுகப்படுத்தியது கொலம்பியாவிலும் நம் சிங்கப்பூரிலும்தான். அதில் பின்தொடர்கிறவர் எண்ணை மற்றப் பின்தொடர்பவர்கள் பார்க்க முடியாது. இது சின்ன விஷயம் அல்ல. வீட்டிலிருந்து கேக்கும் வட்டலப்பமும் செய்து விற்கும் சகோதரிகள் பலர் பெரிய குழுக்களில் சேரத் தயங்குவதற்கு முதல் காரணம், சேர்ந்தவுடனே அவர்கள் எண் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் கைக்குப் போய்விடுவதுதான். அவர்கள் வராமல் இருப்பது ஆர்வம் இல்லாததால் என்று நாமே முடிவு கட்டியிருக்கிறோம்.

உள்ளே, தொழில்வாரியாகச் சிறு அறைகள். உணவுக்கடைக்கு ஒன்று, நாணயமாற்றுக்கு ஒன்று, ஜவுளி, மளிகைக்கு ஒன்று, வீட்டுத்தொழிலுக்கு ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம் என்கிறார்கள். சேரலாம் என்பதற்காகச் சேர்க்க வேண்டியதில்லை. ஒருவரையொருவர் முகம் தெரிந்த முப்பது பேர் போதும். அதற்கு மேல் போனால் பேசுகிறவர் நான்கு பேர், பார்த்துக்கொண்டிருப்பவர் மற்ற அனைவரும் என்றாகிவிடும். யார் பார்க்கிறார் என்று தெரியாத இடத்தில் கஷ்டத்தைச் சொல்ல எவருக்கு மனம் வரும்?

கேட்காமல் யாரையும் சேர்க்கவும் கூடாது. அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, சலாம் சொல்லி நுழையும்படி அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. கைப்பேசியும் இன்று ஒரு வீடுதான். சட்டமும் இதைச் சொல்கிறது. 2012இல் இயற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன. ஒருவர் எந்தக் காரியத்துக்குத் தன் எண்ணைக் கொடுத்தாரோ அதற்குத்தான் அதைப் பயன்படுத்தலாம். நோன்புக் கஞ்சிப் பதிவுக்குக் கொடுத்த எண்ணை எடுத்துக் கடை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது தவறு. அமைப்பு ஒன்று இதற்குப் பொறுப்பாக ஒருவரையாவது நியமித்திருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. நம் சங்கத்தில் அவர் யார் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

உள்ளறை என்றால் எதையும் பேசலாம் என்று எண்ணிவிடாதீர்கள். இதை உணவுக்கடைக்காரர்களிடம் அழுத்திச் சொல்கிறேன். 2018இல் சிங்கப்பூர் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம், கோழி விநியோகஸ்தர்கள் 13 பேருக்கு மொத்தம் 26.9 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது. இங்கே விற்கும் புதிய கோழியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அவர்கள் கையில் இருந்தது. விலையை எப்போது, எவ்வளவு ஏற்றுவது என்று தங்களுக்குள் பேசிவைத்தார்கள். ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் இழுப்பதில்லை என்றும் உடன்பட்டார்கள். நம் கடைகள் பலவற்றுக்கும் கோழி அவர்களிடமிருந்துதான் வந்திருக்கும். அந்த நேரத்தில் நாம் பாதிக்கப்பட்டவர்கள். ஆனால் நாளைக்கு நம் குழுவில் ஒருவர் ‘எல்லாரும் பிரியாணியை அடுத்த மாதம் ஒரு வெள்ளி ஏற்றலாமா’ என்று எழுதி, பத்துப் பேர் கட்டைவிரல் உயர்த்தினால், அது அதே வகைக் குற்றமாகும். மூடிய குழு என்பது கேடயம் ஆகாது. நாளும் நேரமும் பெயரும் போட்டு நாமே எழுதிவைத்த சாட்சியம் அது. சரக்கு எங்கே தரமாகக் கிடைக்கிறது, எந்த விநியோகஸ்தர் சொன்ன நாளில் தருகிறார், புதிய உரிம விதி என்ன என்று பேசுங்கள். நாம் விற்கும் விலையைச் சேர்ந்து முடிவு செய்யும் பேச்சு வேண்டாம்.

இனி, எல்லாவற்றையும்விடக் கடினமான பகுதிக்கு வருகிறேன். அஞ்சடிக்கும் உள்கடைக்கும் நடுவில் ஒரு கதவு வேண்டும். பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் தோற்கின்றன. உள்ளறை கலகலப்பாக இருக்கும், வெளிப்பக்கத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய பெருநாள் வாழ்த்து தொங்கிக்கொண்டிருக்கும். உள்ளே ஒருவர் கேட்ட கேள்விக்கு அருமையான பதில் கிடைக்கும். பதினைந்து நாளில் அது மேலே மேலே போய் மறைந்துவிடும். பிறகு வந்து சேர்ந்தவர் அதே கேள்வியைக் கேட்பார், பதில் சொன்ன பெரியவர் சலித்துப்போய் ‘முன்னாடியே சொல்லியாச்சு’ என்பார். அந்தப் புதியவர் அதற்குப் பிறகு வாய் திறக்க மாட்டார்.

ஆகவே மாதம் ஒருமுறை, ஒவ்வோர் அறையிலும் ஒருவர் உட்கார்ந்து, அந்த மாதம் கிடைத்த பயனுள்ள பதில்களை எடுத்து, பெயரையும் தொகையையும் நீக்கி, யார் சொன்னாரோ அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்கி, வெளிப்பக்கத்தில் ஏற்ற வேண்டும். புதிதாகக் கடை எடுப்பவருக்கு வாடகை ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று நம் மூத்தவர்கள் சொல்லும் பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அது அவர்களோடு போய்விடக் கூடாது. சம்மதம் இல்லையென்றால் உள்ளேயே இருக்கட்டும். சபையில் பேசியது அமானிதம்.

தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடு 1997இல் இதே சிங்கப்பூரில்தான் நடந்தது. அன்று தமிழ் எழுத்தைத் திரையில் கொண்டுவரவே போராட வேண்டியிருந்தது. இன்று அந்தச் சிரமம் இல்லை. என்ன எழுதுவது, யாருக்கு எழுதுவது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

நிர்வாகம் பற்றி இரண்டு வார்த்தை. ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும். ஒருவர் மூத்தவர், ஒருவர் இளையவர். குழுவைத் தொடங்கும் எண் சங்கத்தின் எண்ணாக இருக்க வேண்டும், தனிமனிதர் எண்ணாக இருக்கக் கூடாது. ஒருவர் எண்ணை மாற்றினார் அல்லது ஊருக்குத் திரும்பினார் என்பதற்காக ஒரு குழு அநாதையாவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறோம். பணத் தகராறு வந்தால் குழுவில் எழுதாமல் பொறுப்பாளர் இருவரையும் அழைத்து நேரில் பேச வேண்டும். அப்படியும் எழுதிவிட்டால் உடனே நீக்கிவிட்டு, எழுதியவருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். குழுவிலேயே அவரைக் கண்டிக்கக் கூடாது.

பழைய பெரிய குழுவை மூட வேண்டுமா என்று தம்பி ஒருவர் கேட்டார். வேண்டாம். ஜனாஸா, நிக்காஹ், சங்க அறிவிப்பு ஆகியவற்றுக்கு அது இருக்கட்டும். பொறுப்பாளர்கள் மட்டும் எழுதும்படி மாற்றிவிட்டால் போதும். வாழ்த்துப் படங்களுக்குத் தனி அறை கேட்டால் அதையும் கொடுத்துவிடலாம்.

பதிவுத் தாள்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. கடைப் பெயர், வெளியே காட்டலாம் என்று நீங்கள் சம்மதிக்கும் எண், எந்த அறை என்று மூன்றே கேள்விகள். உணவுக்கடை அறைக்குப் பொறுப்பாளர் இருவர் கிடைத்துவிட்டார்கள். நாணயமாற்று அறைக்கு மூத்தவர் ஒருவரும், வீட்டுத்தொழில் அறைக்குச் சகோதரிகள் இருவரும் இன்னும் தேவை. தேநீர் இடைவேளையில் என்னைப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.