இரண்டு கைகளிலும் பாருங்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பெண்களின் சுகநலம் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். புற்றுநோய் பற்றியோ நீரிழிவு பற்றியோ பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய்களைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்குக் காரணம் நான் விட்ட ஒரு பிழை.

நான் பயிற்சி வைத்தியராக இருந்த காலம். 24 வயதுப் பிள்ளை ஒருத்தி தலையிடி என்று வந்தாள். இடது கையில் பிரஷர் பார்த்தேன். 110/70. "பயப்பட ஒன்றுமில்லை, நித்திரை காணாது போல" என்று சொல்லி, பனடோல் கொடுத்து அனுப்பினேன். இரண்டு கிழமைக்குப் பிறகு வலிப்போடு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பெரிய டொக்டர் வலது கையில் பார்த்தார். 210/120. இடது மணிக்கட்டில் நாடித்துடிப்பே சரியாகப் பிடிபடவில்லை.

அவளுக்கு இருந்தது தகயாசு நோய். 1908இல் மிகிட்டோ தகயாசு என்ற ஜப்பானியக் கண் வைத்தியர் அறிவித்தது. பெருநாடியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்து ஒடுங்கும். பெரும்பாலும் இளம் பெண்களையே பிடிக்கும். ஆசியாவில் கூடுதலாகக் காணப்படுகிறது. அவளுடைய இடது கைக்குப் போகும் நாடியும் சிறுநீரக நாடிகளும் ஒடுங்கியிருந்தன. ஒடுங்கிய குழாய்க்குக் கீழே நான் அளந்ததால் உண்மையான அமுக்கம் எனக்குத் தெரியவில்லை.

சிறுநீரக நாடி ஒடுங்கினால் பிரஷர் ஏன் ஏறுகிறது? இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே போகிறது. அந்த வரத்துக் குறைந்ததும், உடம்பிலேயே இரத்தம் குறைந்துவிட்டது என்பதுபோல் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. அதன் விளைவாக உடம்பெங்கும் குழாய்கள் இறுகும்; உப்பும் நீரும் தேங்கும். 1934இல் அமெரிக்காவில் ஹரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரக நாடியைச் சிறு கவ்வியால் நெரித்து, அமுக்கம் ஏறுவதைக் காட்டினார்.

ஒடுக்கத்துக்கு மூன்று முக்கிய காரணங்கள் உண்டு. ஒன்று, நான் சொன்ன தகயாசு. அதில் முதலில் ஸ்டீரொயிட் போன்ற மருந்துகளால் அழற்சியை அடக்கி, பிறகு தேவையானால் குழாயை விரிக்கலாம்.

இரண்டாவது, நாடிச் சுவரின் நாரும் தசையும் ஒழுங்கு தவறி வளரும் நோய். இதில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். படத்தில் குழாய் மணிமாலை போலத் தெரியும். கழுத்து நாடிகளிலும் இது இருக்கலாம் என்பதால், சிலருக்கு நாடித்துடிப்போடு காதுக்குள் இரைச்சல் கேட்கும். பலூனால் விரித்தாலே பலருக்குப் பிரஷர் குறையும். சிலருக்குக் குளிசையே தேவைப்படாது.

மூன்றாவது, வயது போனவர்களில், முக்கியமாகப் புகைப்பவர்களிலும் நீரிழிவு உள்ளவர்களிலும் வரும் கொழுப்புப் படிவு. இதற்கு ஸ்டென்ட் வைப்பதே நல்லது என்று ஒருகாலத்தில் பலர் நம்பினோம். 2014இல் வெளிவந்த கோரல் ஆய்வில் 947 பேர் பங்குபற்றினர். மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும், மருந்தோடு ஸ்டென்டும் வைத்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்தன. ஆகவே அம்மாவின் ஸ்கானில் ஒடுக்கம் தெரிந்தவுடன் காசு தேடி ஓடாதீர்கள். எந்த மருந்துக்கும் அடங்காத பிரஷர், நுரையீரலில் திரும்பத் திரும்பத் திடீரென நீர் கட்டுதல், வேகமாகக் குறையும் சிறுநீரகச் செயற்பாடு ஆகியவை இருந்தால்தான் ஸ்டென்ட் பற்றி யோசிக்க வேண்டும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? 30 வயதுக்கு முன் பிரஷர் வந்தால். கட்டுப்பாட்டில் இருந்தது திடீரென ஏறினால். மூன்று விதக் குளிசைக்கும் அடங்காவிட்டால். எனலாப்ரில், லோசார்டன் போன்றவை தொடங்கியபின் இரத்தத்தில் கிரியேட்டினின் நன்றாகக் கூடினால். இந்தக் குளிசைகள் தொடங்கி ஓரிரு கிழமைகளில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பகாலத்தில் இவை கூடாது. பிள்ளை பெற யோசிக்கும்போதே வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒடுக்கத்தைக் கண்டுபிடிக்க முதலில் டொப்ளர் ஸ்கான் போதும். தேவையானால் சீ.ரி. அல்லது எம்.ஆர். படம் எடுப்பார்கள்.

எங்கள் வீடுகளில் இளம் பெண்ணுக்குப் பிரஷர் என்றால், "யோசனை கூடிப்போச்சு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். வைத்தியர்களான நாங்களும் சிலவேளை அதையே சொல்கிறோம். யோசனை காரணம் என்று முடிவெடுக்க முன், வேறு காரணம் இல்லை என்று பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை பிழைத்தாள். ஒரு சிறுநீரகம் சுருங்கிவிட்டது. மற்றதைக் காப்பாற்ற முடிந்தது. அந்த இரண்டு கிழமையை என்னால் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அன்று முதல் புதிதாக வரும் எவருக்கும் இரண்டு கைகளிலும் பார்க்காமல் நான் விடுவதில்லை.

இங்கே இருக்கும் நீங்களும், வெளிநாடுகளில் இருந்து இந்த மலரை வாசிக்கப் போகும் சகோதரிகளும் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை பிரஷர் பார்க்கும்போது, "மற்றக் கையிலும் ஒருக்காப் பாருங்கோ" என்று கேளுங்கள். மேல் எண்ணில் 20இற்கு மேல் வித்தியாசம் திரும்பவும் வந்தால், ஏன் என்று கேளுங்கள். எங்கள் சங்கம் நடத்தும் மருத்துவ முகாம்களிலும் இதை வழக்கமாக்க வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.