வாடகைத் தாய்மையும் நம் அறமும்

(மண்ணூரில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

நாம் கூடியிருக்கும் மண்ணூரைச் சுற்றிலும் தொழிற்சாலைகள். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை உழைக்கும் இளம்பெண்கள் ஷிப்ட் முடிந்ததும் விடுதிக்குத் திரும்புகின்றனர். கருவைச் சுமக்கும் பெண்ணுக்கோ ஒன்பது திங்களும் பணி முடியும் மணி அடிப்பதில்லை. அச்சுமையை நாடு கடந்து விலை பேசியதன் விளைவை 2008-ஆம் ஆண்டில் உலகம் கண்டது.

ஜப்பானியக் கணவன் மனைவி இருவர் குஜராத்தின் ஆனந்த் நகரில் வாடகைத் தாய் ஒருவரை அமர்த்தினர். குழந்தை பிறக்குமுன்பே இருவரும் மணவிலக்குப் பெற்றனர். சூலை 25 அன்று பெண் குழந்தை பிறந்தது. தாயாக வேண்டியவர் ஏற்க மறுத்தார். கருமுட்டை அளித்தவரின் பெயர் வெளியிடப்படவில்லை. சுமந்தவரின் பொறுப்போ ஒப்பந்தத்தோடு முடிந்தது. மூன்று பெண்கள் தொடர்புற்றிருந்தும் தாயற்று நின்ற சிசுவைத் தந்தையின் அன்னை வந்து பேணினார். ‘பேபி மஞ்சி வழக்கு’ என உச்ச நீதிமன்றம் வரை சென்று, நவம்பரில்தான் குழந்தை ஜப்பான் சேர்ந்தது.

2015-இல் வெளிநாட்டவர்க்கு இவ்வழி அடைக்கப்பட்டது. 2022 சனவரி 25 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், மருத்துவச் செலவு, 36 மாதக் காப்பீடு போன்றவை தவிர, சுமப்பவர்க்குப் பணம் தருவதையே தடை செய்கிறது. நன்று. ஆனால் பணம் விலகிய இடத்தில் உறவு வந்து நிற்கக்கூடும். ‘நம் குடும்பத்திற்காக’ என்று பெரியவர்கள் கேட்டால், கணவனை இழந்த நாத்தனாரோ இளைய மருமகளோ மறுக்க இயலுமா? கருவைக் கருப்பையில் வைக்கும் வரை இசைவைத் திரும்பப் பெறச் சட்டம் இடம் தருகிறது. அவ்வுரிமையை வீட்டார் பறித்தலாகாது.

தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூவழியாலும் உயிர்களை வருத்தாமையே கொல்லாமை விரதம் என்பர் நம் ஆன்றோர். ஒருத்தியின் வறுமையை விலைக்கு வாங்குவது செய்வித்தல். வீட்டுப் பெண்ணைப் பிறர் வற்புறுத்துகையில் வாளாவிருப்பது உடன்படுதல்.

மகப்பேறு வாய்க்காதோரின் துயரை நான் எளிதாக எண்ணவில்லை. அத்துயரில் பாதி நம் நாவால் விளைவது. மணமாகி ஓராண்டு நிறையுமுன்பே ‘விசேஷம் உண்டா?’ என வினவுகிறோம். வளைகாப்பு மனையிலிருந்து மகவற்றவரை விலக்குகிறோம். அவ்வினாவையும் அவ்விலக்கையும் இன்றே நம் இல்லங்களில் விட்டொழிப்போமாக. தத்தெடுத்து வரும் மகவையும் இச்சமூகம் தன் மகவாகவே ஏற்குமாக.