பொன்னாடை இல்லாத இலக்கிய மாலை



நம் ஊரில் ஒரு தமிழ்ப் புத்தகம் வெளியீடு காணும் மாலைப் பொழுது எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மண்டபம் ஏற்பாடாகும். குத்துவிளக்கு ஏற்றுவார்கள். தமிழ் வாழ்த்து பாடுவார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என ஒன்றன்பின் ஒன்றாக உரைகள் வரும். பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெற்றுக்கொண்டு ஓர் உறையைக் கொடுப்பார். அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். பிறகு பெயரை அழைக்க அழைக்க ஒவ்வொருவராக மேடையேறி, நூலை வாங்கி, படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். எழுத்தாளர் ஏற்புரை சொல்ல எழும்போது பாதிப் பேர் சாப்பாட்டு வரிசையில் நிற்பார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்த மூன்று மணி நேரத்தில், வெளியிடப்பட்ட புத்தகத்திலிருந்து ஒரு பக்கமாவது வாசிக்கப்பட்டதா? பெரும்பாலும் இல்லை என்பதே பதில்.

இதே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேறு வகையான இலக்கிய மாலை ஒன்றும் இருக்கிறது. அது நடப்பது மண்டபத்தில் அன்று, சின்னஞ்சிறு புத்தகக் கடையில். புத்தக அடுக்குகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு இருபது, இருபத்தைந்து நாற்காலிகள் போடுவார்கள். இடம் கிடைக்காதவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வார்கள். கடைக்காரர் இரண்டே நிமிடம் அறிமுகம் சொல்வார். எழுத்தாளர் தம் புத்தகத்தைத் திறந்து கால் மணி நேரம் வாசிப்பார். பிறகு கேள்விகள் வரும். முடிந்ததும் விருப்பப்பட்டவர்கள் புத்தகத்தை வாங்கி, கையெழுத்துப் பெற்றுக்கொண்டு போவார்கள். செலவு என்று பார்த்தால் தேநீரும் பிஸ்கட்டும்தான்.

பார்ப்பதற்கு எளிய நிகழ்ச்சி. ஆனால் இதிலிருந்து என்னென்ன விளைந்திருக்கின்றன என்பதற்குக் கோலாலம்பூரிலேயே நல்ல சான்று உண்டு.

1999ஆம் ஆண்டு ராமன் கிருஷ்ணன் என்பவர் பங்சாரில் 'சில்வர்பிஷ் புக்ஸ்' என்ற கடையைத் தொடங்கினார். ஜாலான் தெலாவியில் ஒரு மாடிக் கடையாக அது பலருக்கும் அறிமுகம். உணவகங்களும் காப்பிக் கடைகளும் நிறைந்த அந்தத் தெருவில், படியேறிப் போய்ப் புத்தகம் பார்க்கும் பழக்கத்தை அந்தக் கடை உண்டாக்கியது. புத்தகம் விற்பதோடு அது நிற்கவில்லை. எழுத்தாளர் சந்திப்புகள் நடந்தன. எழுதப் பழகுவோருக்கு வகுப்புகள் நடந்தன. 2001ஆம் ஆண்டு முதல் புதிய எழுத்தாளர்களின் சிறுகதைத் தொகுப்புகள் அந்தக் கடையின் பெயரிலேயே வரத் தொடங்கின.

ஷி-லி கோவ் என்பவர் வேதிப்பொறியியல் படித்தவர். வேறு இரண்டு புதிய எழுத்தாளர்களோடு சேர்த்து அவருடைய கதைகளைச் சில்வர்பிஷ் 2007ஆம் ஆண்டு ஒரு தொகுப்பாக வெளியிட்டது. அடுத்த ஆண்டே அவருடைய தனித் தொகுப்பு வந்தது. 2009ஆம் ஆண்டு அந்தத் தொகுப்பு, பிராங்க் ஓ'கானர் அனைத்துலகச் சிறுகதை விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. 2014இல் அதே கடை அவருடைய நாவலை வெளியிட்டது. அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 2018ஆம் ஆண்டு பிரான்சில், முதல் நாவலுக்கான பரிசை வெளிநாட்டு நூல் பிரிவில் பெற்றது. ஜாலான் தெலாவி மாடிப்படிக்கும் பாரிஸ் நகருக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

அதே பங்சார் வட்டாரத்தில் வேர்விட்ட இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. எழுத்தாளர் பெர்னிஸ் சௌலி 2005ஆம் ஆண்டு 'ரீடிங்ஸ்' என்ற மாதாந்திர வாசிப்பைத் தொடங்கினார். பிறகு ஷேரன் பாக்கார் அதன் பொறுப்பை ஏற்றார். செக்சான் என்ற தோட்டக் கட்டடக் கலைஞரின் கலைக்கூடத்தில், மாதம் ஒரு சனிக்கிழமை அது கூடியது. நுழைவு இலவசம். பெயர் பெற்ற எழுத்தாளர் வாசித்த அதே இடத்தில், முதல் கதையைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கும் இளைஞரும் வாசித்தார். அங்கே வாசிக்கப்பட்டவற்றிலிருந்து 2011ஆம் ஆண்டு ஒரு தொகுப்பு நூலே வந்தது. ஒருவர் முன்னால் வாசிக்க வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் எழுத்தாளருக்குத் தம் வாக்கியத்தின் நீளம் தெரிகிறது. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் பிழைத்திருக்கிறது என்று புரிகிறது. எந்த வாழ்த்துரையும் அதைச் சொல்லித் தராது.

கடல் கடந்து சிங்கப்பூருக்கு வந்தால், அங்கும் இதே கதைதான். கென்னி லெக், கேரன் வாய் இருவரும் 2005ஆம் ஆண்டு தெலுக் ஆயர் தெருவில் 'புக்ஸ்ஆக்சுவலி' என்ற கடையைத் தொடங்கினார்கள். வாடகை ஏற ஏற இடம் மாறிய கடைகளில் அதுவும் ஒன்று. 2011ஆம் ஆண்டு அது தியோங் பாருவின் யோங் சியாக் ஸ்திரீட்டுக்கு வந்தது. பெரிய பதிப்பகங்கள் கவிதை என்றாலே தயங்கும் காலத்தில், உள்ளூர்க் கவிஞர்களின் மெல்லிய நூல்களைத் தன் சொந்தப் பதிப்பகத்தின் வழியாக அந்தக் கடை கொண்டுவந்தது. அந்த நூல்கள் வெளியானதும் வாசிக்கப்பட்டதும் அந்தக் கடையின் அடுக்குகளுக்கு நடுவில்தான். கடைப் பூனைகளும் கூட்டத்தில் இருந்தன என்பது அங்கே போய் வந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

சீன மொழி வாசகர்களுக்கு வேறொரு கடை இருந்தது. எழுத்தாளர் யெங் பிவே ஙோன் 1995ஆம் ஆண்டு 'கிராஸ்ரூட்ஸ் புக் ரூம்' என்ற கடையைத் தொடங்கினார். 2003ஆம் ஆண்டு கலாசாரப் பதக்கம் பெற்ற நாவலாசிரியர் அவர். அவ்வளவு பெரிய எழுத்தாளர் கல்லாவில் உட்கார்ந்து புத்தகம் விற்றார். 2014ஆம் ஆண்டு மூவர் சேர்ந்து அந்தக் கடையை ஏற்றுக்கொண்டு புக்கிட் பாசோ சாலையில் நடத்தத் தொடங்கினார்கள். யெங் 2021இல் காலமானார். அவர் தொடங்கிய கடையோ அவர் கையை விட்டுப் போன பிறகும் இலக்கியக் கூட்டங்கள் நடக்கும் இடமாகத் தொடர்ந்தது.

இதெல்லாம் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் இனிமை குறைந்துவிடும்.

ஒரு புத்தகத்தின் விலை 40 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்குப் பொதுவாகக் கிடைக்கும் கழிவு முப்பது, நாற்பது விழுக்காடு. அதாவது 12 முதல் 16 ரிங்கிட். வாசிப்புக்கு முப்பது பேர் வருகிறார்கள். ஐந்து பேர் புத்தகம் வாங்குகிறார்கள். அந்த மாலையில் கடைக்கு மிஞ்சுவது 60 முதல் 80 ரிங்கிட். அதில் தேநீர், விளக்கு, குளிர்சாதனம், கூடுதல் நேரம் நின்ற ஊழியரின் சம்பளம் எல்லாம் அடங்க வேண்டும். மாத வாடகையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மீதி இருபத்தைந்து பேர் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் ஆர்வத்தோடு கேட்டார்கள். கை தட்டினார்கள். புத்தக அட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய் இணையத்தில் நான்கு வெள்ளி குறைவாகக் கிடைக்கிறதா என்று பார்த்தார்கள். ஆனால் அந்த நான்கு வெள்ளி மிச்சத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அடுத்த முறை நாற்காலி போடக் கடை இருக்காது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. சிங்கப்பூரின் வீலாக் பிளேசில் 1997இல் திறந்த பார்டர்ஸ் என்ற மாபெரும் கடை 2011இல் மூடப்பட்டது. டைம்ஸ் புத்தகக் கடைகளில் கடைசிக் கடை 2024இல் மூடப்பட்டது. தியோங் பாருவில் இருந்த புக்ஸ்ஆக்சுவலி 2020ஆம் ஆண்டு கடையை மூடிவிட்டு இணைய விற்பனைக்கு மாறியது. பெரிய கடைகளே தாங்காத இடத்தில் சிறிய கடைகள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? இணையத்தில் கிடைக்காத ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நிற்க முடியும். எழுத்தாளரும் வாசகரும் ஓர் அறைக்குள் முகம் பார்த்து உட்காருவது இணையத்தில் கிடைக்காது.

இந்த இடத்தில் நம் தமிழ்ப் புத்தக உலகத்துக்கு வருவோம்.

நம் நூல் வெளியீட்டு விழாவைக் குறை சொல்வது எளிது. அதன் நியாயத்தையும் பார்க்க வேண்டும். இங்கே தமிழ் எழுத்தாளர் பலர் தம் கைப்பணத்தைப் போட்டே நூல் அச்சிடுகிறார்கள். பிரமுகர் கொடுக்கும் உறையும், உறவினர்களும் நண்பர்களும் மொய் போலக் கொடுக்கும் தொகையும் சேர்ந்தால்தான் அச்சகக் கடன் அடைகிறது. விழா இல்லாவிட்டால் பல நூல்கள் வெளிவந்தே இருக்காது. அந்த நன்றியை மறக்கக் கூடாது.

ஆனால் விழா முடிந்த மறுநாளை எண்ணிப் பாருங்கள். பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி முப்பது ஆண்டு மனத்தில் சுமந்த கதைகளை எழுதி, ஐந்நூறு படிகள் அச்சிட்டார். விழாவில் இருநூறு போயின. வாங்கியவர்கள் அவர் முகத்துக்காக வாங்கினார்கள். அந்த இருநூறில் எத்தனை பிரிக்கப்பட்டன, எத்தனை அலமாரிக்குப் போயின என்று அவருக்குத் தெரியாது. மீதி முந்நூறும் பெட்டிகளில், கட்டிலுக்கு அடியில். ஆறு மாதம் கழிந்தும் ஒருவர்கூட அவரிடம், "அந்த மூன்றாவது கதையில் வரும் பாட்டி என்ன ஆனார்?" என்று கேட்கவில்லை. அவர் இரண்டாவது புத்தகம் எழுதுவாரா? கடன் அடைந்துவிட்டது, உண்மைதான். வாசகர் மட்டும் கிடைக்கவில்லை.

நம்மிடம் வாசிப்புக் கூட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சிங்கப்பூரில் நூலகத்தில் கூடும் வாசகர் வட்டமும், மாதந்தோறும் கூடும் கவிமாலையும் தமிழ் வாசகர்கள் அறிந்தவை. மலேசியாவிலும் நவீன இலக்கியத்தில் ஈடுபட்ட இளைஞர்கள் நூல்களை உட்கார்ந்து பேசும் சந்திப்புகளை நடத்துகிறார்கள். இல்லாதது என்ன என்றால், இந்தக் கூட்டங்களுக்கும் தமிழ்ப் புத்தகக் கடைக்கும் இடையே ஒரு பாலம். நம் கடைகளில் பலவற்றில் முன்வரிசை பள்ளிப் பயிற்சி நூல்களுக்கும் நாள்காட்டிகளுக்கும் உரியது. உள்ளூர் எழுத்தாளரின் நாவலைத் தேடினால் கீழ் அடுக்கில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

இதை மாற்றப் பெரிய நிதி தேவையில்லை. மூன்று பேர் ஒத்துழைத்தால் போதும்.

முதலாவது, கடைக்காரர். மாதம் ஒரு சனிக்கிழமை, கடை சாத்தும் நேரத்துக்கு முன் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கட்டும். இருபது நாற்காலிகள் போதும். எழுத்தாளர் இருபது படிகளைக் கொண்டுவந்து வைப்பார். விற்றதற்குக் கழிவு, விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரருக்குக் கைநட்டம் இல்லை. அந்த இருபது பேரில் நான்கு பேர் வேறு புத்தகமும் எடுக்கக்கூடும்.

இரண்டாவது, எழுத்தாளர். கடையில் பேச்சு வேண்டாம், வாசிப்பு வேண்டும். முதல் அத்தியாயத்தையே வாசிக்க வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை. உரையாடல் உள்ள பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். கதையின் முடிவைச் சொல்லாமல் விடலாம். பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். வீட்டில் இரண்டு முறை உரக்க வாசித்துப் பழகிக்கொண்டு வந்தால் சின்ன அறையில் ஒலிவாங்கிகூடத் தேவைப்படாது. நிகழ்ச்சியை நடத்துபவரும் நூலை முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும். "இந்த நூலை எழுத எது தூண்டுகோலாக இருந்தது?" என்ற கேள்வி, நூலைப் படிக்காதவர் கேட்கும் கேள்வி.

மூன்றாவது ஆள்தான் மிக முக்கியம். அவர் வாசகர். வாருங்கள், கேளுங்கள், பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று எழுத்தாளரிடமே மரியாதையாகச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் அந்தக் கடையிலேயே, அப்போதே, ஒரு படியை வாங்குங்கள். ஓர் உணவகத்தில் குடும்பத்தோடு சாப்பிடுவதைவிட அது குறைந்த செலவு.

விழாக்கள் நடக்கட்டும். அச்சகக் கடன் அடையட்டும். பொன்னாடையும் போர்த்தட்டும். அதற்கு அடுத்த சனிக்கிழமை, அதே எழுத்தாளரை ஒரு புத்தகக் கடைக்கு அழைத்து ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள். எதிரே பன்னிரண்டு பேர் இருந்தாலும் போதும். அவர் மூன்றாவது கதையை வாசித்து முடித்ததும் யாராவது ஒருவர் கையை உயர்த்தி, "அந்தப் பாட்டி என்ன ஆனார்?" என்று கேட்கட்டும்.

அன்று இரவே அவர் இரண்டாவது புத்தகத்தைத் தொடங்கிவிடுவார்.