பேஸ் கித்தார் வாங்கும் முன்



தோட்டத்துக் கோயில் திருவிழா இரவு ஒன்றை நினைத்துப் பாருங்கள். திடலில் இசைக்குழு பாடிக்கொண்டிருக்கிறது. கைக்குழந்தை சிணுங்குகிறது என்று நீங்கள் பாதியிலேயே எழுந்து வீட்டுக்கு நடக்கிறீர்கள். முதல் வரிசை வீடுகளைத் தாண்டும்போதே பாடகரின் சொற்கள் தெளிவிழந்து போகின்றன. இன்னும் சற்று நடந்தால் கீபோர்டும் மங்கிவிடுகிறது. வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகும் ஒன்று மட்டும் உங்களை விடாமல் தொடர்ந்து வருகிறது. 'தும், தும்' என்று பலகைச் சுவரைத் தட்டுகிறதே, அதுதான். பலர் அதை டிரம் ஓசை என்றே எண்ணுகிறார்கள். டிரம்மும் அதில் உண்டு. ஆனால் அந்த ஓசை ஏறியும் இறங்கியும் பாட்டின் கூடவே நடந்து போகுமானால், அது பேஸ் கித்தார்.

சாதாரணக் கித்தாரின் மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. பேஸ் கித்தாரின் தடித்த தந்தியோ அதில் பாதி, 41 முறைதான் அதிர்கிறது. அந்த ஒலி அலை ஒன்றின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். அவ்வளவு நீண்ட அலையை ஒரு மரமோ சுவரோ எளிதில் மறிப்பதில்லை. அது சுற்றி வளைத்து வந்து சேர்ந்துவிடும். இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஒலி புதிதன்று. அவர் பேஸ் கித்தாருக்கென்றே தனிப் பாதை போட்டு எழுதியவர். பெயர் தெரியாமலே அதை நாம் முணுமுணுத்திருக்கிறோம்.

இன்று இதைப் பற்றிப் பேச ஒரு காரணம் உண்டு. நம்மிடம் படித்த பழைய மாணவன் ஒருவன் தன் தகப்பனாரோடு ஒரு மாலை நம் வீட்டுக்கு வந்தான். கித்தாக் காட்டில் பிறந்த பிள்ளைக்குக் கித்தார் மேல் ஆசை வந்ததில் நமக்கு வியப்பில்லை. தன் கைப்பேசியில் ஓர் அமெரிக்கப் பேஸ் கித்தாரின் படத்தைக் காட்டினான். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். அவர் படத்தைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, என்னோட மூணு மாசச் சம்பளத்துக்கு மேல போகுது. கடன் வாங்கித்தான் கொடுக்கணும். இத வாங்கிக் கொடுத்தா நல்லா வாசிப்பானா?"

நேயர்களே, இது எளிய கேள்வியன்று. 'ஆம்' என்றால் ஒரு குடும்பம் கடனில் விழும். 'இல்லை' என்றால் ஒரு பிள்ளையின் ஆசை அன்றோடு கருகும். நாம் அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறோம்.

முதலில், அந்தக் கருவி எப்படிப் பிறந்தது? பழங்காலத்து இசைக்குழுக்களில் இந்த அடிக்குரலைத் தந்தது ஆளுயரப் பெரிய வயலின் போன்ற டபுள் பேஸ். அதைத் தூக்கிச் சுமப்பது பெரும்பாடு. பித்தளை வாத்தியங்கள் முழங்கும்போது அதன் ஓசை எடுபடவும் எடுபடாது. கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டி பழுதுபார்த்து வந்த லியோ ஃபெண்டர் என்பவர், 1951 இல், தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சாரப் பேஸ் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் வீணையில் இருப்பதுபோல அதன் கழுத்தில் மெட்டுகளைப் பதித்தார். விரலை ஏறத்தாழ வைத்தாலும் சுருதி பிசகாது. அதனால்தான் அதற்கு 'பிரிசிஷன்', அதாவது துல்லியம், என்று பெயர். இதில் ஒரு வேடிக்கை, ஃபெண்டருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. 1960 இல் அவருடைய நிறுவனம் 'ஜாஸ் பேஸ்' என்ற இன்னொன்றையும் வெளியிட்டது. அதன் கழுத்து ஒடுக்கம். ஒலியை வாங்கும் காந்தங்கள் இரண்டு. முதலாவது மொத்தமாக, உருண்டு திரண்டு ஒலிக்கும். இரண்டாவதில் தெளிவும் கூர்மையும் கூடுதல். இந்த இரண்டில் எது உயர்ந்தது என்று பேஸ் வாசிப்பவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் எந்த டீக்கடையின் டீ சிறந்தது என்று வாதாடுவதில்லையா, அப்படித்தான்.

வாதாடட்டும். நாம் டெட்ராய்ட் நகரத்துக்குப் போவோம். கார் தொழிற்சாலைகளில் உழைப்பவர்கள் நிறைந்த ஊர் அது. அங்கே 1959 இல் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய பெர்ரி கோர்டியும் முன்பு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தாம். ஒரு சாதாரண வீட்டைத்தான் ஒலிப்பதிவுக் கூடமாக்கினார். அங்கே பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவைச் சேர்ந்தவர். 1936 இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது ஒரு குச்சியில் ரப்பர் நாடாவைக் கட்டி, எறும்புப் புற்றில் ஊன்றி மீட்டிப் பார்த்தாராம். அதுதான் அவருடைய முதல் பேஸ்.

உலகமே ஆடிய எத்தனையோ பாடல்களுக்கு அவர் வாசித்தார். ஆனால் தட்டுகளின் உறையில் அவர் பெயரைப் போடவில்லை. 1971 இல் மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்றில்தான் அவர் பெயர் முறையாக அச்சானது. பத்தாண்டுக்கும் மேலாக உழைத்த மனிதருக்கு அப்போதுதான் பெயர்! நமக்கு இதில் இன்றும் மனத்தாங்கல் உண்டு. பால் எடுத்தவர் ஒருவர், பெயர் எடுத்தவர் வேறொருவர் என்பது தோட்டத்து மக்களுக்குப் புரியாத கதையா?

அவர் வாசித்த கருவி எது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 1962 ஆம் ஆண்டின் சாதாரணப் பிரிசிஷன் பேஸ். கடையில் எவரும் வாங்கக்கூடிய ஒன்று. அதில் தட்டையான நாடா சுற்றிய தடித்த தந்திகளைப் போட்டிருந்தார். அறுந்தால் தவிர அவற்றை மாற்றவே மாட்டார். வலக்கையில் ஒரே ஒரு விரல், ஆட்காட்டி விரல் மட்டும் மீட்டும். அந்த விரலுக்கு 'கொக்கி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தந்திகள் கழுத்திலிருந்து மிகவும் உயர்ந்து நிற்கும். மற்றவர்களுக்கு அழுத்தினால் கை நோகும். டபுள் பேஸ் வாசித்துப் பழகிய கை என்பதால் அவருக்கு அது பொருட்டில்லை. தந்திகள் பாலத்தில் வந்து அமரும் இடத்தில், மூடிக்குக் கீழே ஒரு துண்டுப் பஞ்சு. அது தந்தியின் நீண்ட ரீங்காரத்தை அடக்கி, ஒவ்வொரு ஒலியையும் 'தும்' என்று கட்டையாக நிறுத்தும். அந்த ஒலியைத் தேடி இன்றும் பலர் பழைய தந்திகளை விலைக்குத் தேடுகிறார்கள்!

பழைய தந்தியில் என்ன இருக்கிறது? தந்தி அதிரும்போது அடிப்படை ஒலியோடு மெல்லிய மேல் ஒலிகளும் பிறக்கின்றன. புதுத் தந்தியில் அவை பளபளவென்று கேட்கும். வாசிக்க வாசிக்க விரலின் வியர்வையும் அழுக்கும் தந்தியின் சுற்றுகளுக்குள் புகுந்து, அந்த மேல் ஒலிகளை மடக்கிவிடுகின்றன. அடிக்குரல் மட்டும் மிஞ்சுகிறது. இதை வெறுப்பவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ஜான் என்ட்விசில் உருண்டைக் கம்பி சுற்றிய தந்திகளை விரும்பினார். பியானோபோல ஒலிக்க வேண்டும் அவருக்கு. 1966 இல் ரோட்டோசவுண்ட் என்ற தந்தி நிறுவனத்தோடு சேர்ந்து அப்படிப்பட்ட தந்திகளை உருவாக்கினார். வசதியில்லாத வாசிப்பாளர்கள் செத்துப்போன தந்தியைக் கழற்றி, வெந்நீரில் கொதிக்கவைத்து, உலர்த்தி மீண்டும் போடுவதும் உண்டு. சில நாள் பளபளப்பு திரும்பும், அவ்வளவுதான்.

மற்றவர்களின் விருப்பங்களும் இப்படி ஏதோ ஒரு தேவையில் பிறந்தவையே. லாரி கிரகாம் தம் தாயார் பியானோ வாசிக்க, கூடவே பேஸ் வாசித்து வந்தார். குழுவில் டிரம் வாசிப்பவர் இல்லை. ஆகவே கட்டைவிரலால் தந்தியை அடித்துப் பெரிய டிரம்மின் ஓசையையும், மறு விரலால் சுண்டிச் சிறிய டிரம்மின் ஓசையையும் உண்டாக்கினார். இன்று உலகெங்கும் இளைஞர்கள் பயிலும் அடிமுறை, ஆள் பற்றாக்குறையில் பிறந்தது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961 இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வயலின் வடிவப் பேஸ் ஒன்றை ஏறத்தாழ 30 பவுனுக்கு வாங்கினார். ஃபெண்டர் வாங்க அவரிடம் பணம் இல்லை. தவிர, அவர் இடக்கைக்காரர். இரு பக்கமும் ஒரே வடிவமாக இருந்ததால் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியவில்லை. 1972 இல் திருட்டுப் போன அந்தக் கருவி, அவரிடம் திரும்பி வந்துவிட்டதாக 2024 இல் செய்தி வெளியானது. ஜாக்கோ பாஸ்டோரியஸ் மெட்டுகளே இல்லாத ஜாஸ் பேஸை வாசித்தார், வயலின்போல வழுக்கிக்கொண்டு போக. உருண்டைத் தந்தி மரத்தை அராவியது. படகுக்குப் பூசும் எபாக்சியை வாங்கிக் கழுத்தில் பூசிக்கொண்டார்.

மரம் எது, வர்ணம் எது என்பதை விட்டுவிடுவோம். அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. அதை நாம் அடிபட்டுக் கற்றோம்.

பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த புதிதில் தோட்டத்து இளைஞர்களுக்கு ஓர் இசைக்குழு அமைத்துக் கொடுத்தோம். வீட்டுக்கு வீடு வசூலித்த பணம். பேஸ் கித்தாரை நல்லதாக வாங்கினோம். கையிருப்புக் குறைந்துபோனதால், ஒலிப்பெட்டிக்குச் சாதாரணக் கித்தாரின் சிறிய பெட்டியையே எடுத்தோம். கடைக்காரர் "தாராளமாகப் போதும்" என்றார். நாமும் கேட்டு விசாரிக்கவில்லை. திருவிழா இரவில், மூன்றாவது பாட்டில், எல்லோரும் கேட்கட்டும் என்று திருகைக் கூட்டினோம். பெட்டி ஒருமுறை உறுமியது. பிறகு தகரத்தைக் கிழிப்பதுபோல் ஓர் ஓசை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்து தொங்கியது. அடிக்குரல் எழ நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சிறிய கூம்பு அதன் எல்லையைத் தாண்டி ஆடி உடைந்துவிட்டது. ஆம்பெக் நிறுவனம் 1969 இல் வெளியிட்ட பேஸ் பெருக்கி 300 வாட் சக்தி கொண்டது. அதற்கான பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு. ஏன் அவ்வளவு என்று அன்றிரவு புரிந்தது. மறுநாள் காசு கொடுத்தவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே அந்தத் தகப்பனாரிடம் இப்படிச் சொன்னோம்: கையில் இருக்கும் பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்குக்கு யாராவது வாசித்துவிட்டுக் கொடுக்கும் நாலு தந்திப் பேஸ். கழுத்து வளையாமல் இருக்கிறதா, ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தினால் தந்தி இரையாமல் ஒலிக்கிறதா, திருகுகளைத் திருப்பும்போது கரகரப்பு இல்லையா என்று பார்த்தால் போதும். மறு பங்குக்குப் பேஸுக்கென்றே செய்த பெட்டி. கடன் வேண்டாம். பையனிடம், "உனக்கு எந்த ஒலி வேண்டும்?" என்று கேட்டோம். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜேமர்சன் வாசித்த பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டவன், "இது, சார்" என்றான்.

இரண்டு மாதம் கழித்து அவன் வீட்டுப் பக்கம் போனோம். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வாசிப்பு நடந்துகொண்டிருந்தது; ரீங்காரம் கொஞ்சம் அதிகம். அம்மாவிடம் தட்டு தேய்க்காத புதுப் பஞ்சு ஒன்று கேட்டு, பிளேடால் ஒரு விரற்கடை அகலத்துக்கு நறுக்கி, தந்திகளுக்கு அடியில் பாலத்தின் ஓரமாகச் செருகினோம். "தும்" என்று நின்றது. "பாதிப் பஞ்சு வீணாப் போச்சே, சார்" என்று அந்த அம்மாள் சிரித்தார். மிச்சத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தோம்.