பெட்டிக்கு எழுத்தா, எழுத்துக்குப் பெட்டியா?



சுங்கை பூலோ. இந்த ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரூமியில் எழுதினால், நடுவில் வரும் இடைவெளியையும் சேர்த்து 12 எழுத்து. தமிழில் கண்ணுக்குத் தெரிவது ஐந்தே எழுத்து: சு, ங், கை, பூ, லோ. கணினியோ வேறு மாதிரி எண்ணும். யூனிகோடு முறையில் இந்த ஐந்தும் ஒவ்வொன்றும் எழுத்தும் குறியுமாக இரண்டிரண்டு. இடைவெளியோடு மொத்தம் 11. அப்படியானால் ரூமியைவிடத் தமிழ் ஒன்று குறைவு, அதே பெட்டியில் தாராளமாக அடங்கும் என்றுதானே கணக்குச் சொல்கிறது?

திரையில் நடப்பது அதுவல்ல. 'ங்' அகலமான எழுத்து, தலையில் புள்ளி வேறு. 'சு', 'பூ' இரண்டும் கோட்டுக்குக் கீழே இறங்கும். 'லோ' ஓர் எழுத்துதான். ஆனால் இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால் என்று மூன்று எழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பல எழுத்துருக்களில் ரூமியைவிட நீளமும் கூடிவிடும், உயரமும் கூடிவிடும். எண்ணிப் பார்த்து இடம் ஒதுக்கியவர் ஏமாந்து போவார். அளந்து பார்த்தவர்தான் தப்பிப்பார்.

கைத்தொலைபேசித் திரையில் தெரியும் பொத்தான், தலைப்பு, கட்டம் எல்லாம் எப்படி அளக்கப்படுகின்றன, எப்படி அடுக்கப்படுகின்றன என்பதே இன்றைய பேச்சு. இது பொறியாளர்கள் சமாச்சாரம் என்று தொலைக்காட்சி நிலையத்தை மாற்றிவிடாதீர்கள். தமிழ் இந்தத் திரைகளில் நிலைக்குமா என்பது இதில் அடங்கியிருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் தையற்கடைக்குப் போனால் என்ன செய்கிறார்கள்? முதலில் நாடாவை எடுத்து அளவு எடுக்கிறார்கள், பிறகுதான் கத்தரிக்கோல். ஆண்டிராய்டு கைத்தொலைபேசியும் அப்படித்தான் இயங்குகிறது. முதல் சுற்று அளத்தல், இரண்டாம் சுற்று அடுக்குதல். பெரிய கட்டம் தன்னுள் இருக்கும் சிறிய கட்டத்தைப் பார்த்து மூன்று விதமாகப் பேசும். 'இவ்வளவுதான் உனக்கு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது' என்பது ஒன்று. 'இந்த எல்லைக்குள் உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்' என்பது இரண்டாவது. 'எவ்வளவு வேண்டுமோ சொல்' என்பது மூன்றாவது. சிறிய கட்டம் தன் எழுத்தை அளந்து பதில் சொல்லும். எல்லாரும் சொல்லி முடித்த பிறகே யார் எங்கே உட்காருவது என்று முடிவாகும். நொடிக்கு 60 முறை வரையப்படும் திரையில், ஒரு முறைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லிநொடி மட்டுமே.

ஆப்பிள் தொலைபேசியிலும் கருத்து இதுதான், வழி வேறு. 'இந்தப் பொத்தான் அந்தப் பொத்தானுக்கு வலப்பக்கம் இருக்கட்டும், தன் எழுத்தைவிடக் குறுகக் கூடாது' என்று உறவு சொன்னால் போதும், கணக்கை அது போட்டுக்கொள்ளும். அதற்கு அடிப்படை, 1990களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான கேசோவரி என்ற கணக்கு முறை.

இவ்வளவு வசதி இருந்தும் தமிழ் ஏன் வெட்டுப்படுகிறது? மென்பொருள் எழுதுபவர் முதல் வகைப் பேச்சையே பேசிவிடுகிறார். ஆங்கிலச் சொல்லுக்கு அளவு பார்த்து, 'இவ்வளவுதான்' என்று பெட்டியை இறுக்கிவிடுகிறார். மொழிபெயர்ப்பு வேலை கடைசியில்தான் வருகிறது. துணியை வெட்டிய பிறகு ஆளைக் கூப்பிடுவதுபோல.

மேல்பக்கம் வெட்டுப்பட்டால் புள்ளி போகும், சுழி போகும். 'மின்' எது, 'மீன்' எது என்று காட்டுவது தலையில் உள்ள அந்தச் சிறு சுழிதான். மின் கட்டணம் கட்டப் போனவர் மீன் கட்டணமா என்று திகைத்தால் சிரித்துவிட்டுப் போகலாம்.

சிரிக்க முடியாததும் உண்டு. இடம் போதாவிட்டால் பல செயலிகள் சொற்றொடரின் கடைசியை வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடும். ஆங்கிலத்துக்கு இது அவ்வளவு கெடுதல் இல்லை. 'டோன்ட்' முதலிலேயே வந்துவிடும். மலாயிலும் 'ஜாங்ஙான்' முன்னால் நிற்கும். தமிழில் விலக்கு கடைசியில்தான் வரும். சுங்கை பூலோ மருத்துவமனைக்குப் போய்வரும் ஒரு பாட்டிக்கு, பேரன் கைத்தொலைபேசியில் நினைவூட்டல் வைத்துக் கொடுத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியது, 'உணவுக்கு முன் சாப்பிட வேண்டாம்'. திரையில் தெரிவது, 'உணவுக்கு முன் சாப்பிட...' பாட்டி என்ன செய்வார்? எழுத்து எல்லாம் சரி, எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. பொருள் மட்டும் தலைகீழ்.

இடத்தோடு தமிழ் மல்லுக்கட்டுவது புதிதல்ல. தட்டச்சுப் பொறியில் ஒரு விசையைத் தட்டினால் தாள் ஓர் எழுத்து தூரம் நகர்ந்துவிடும். ஆனால் புள்ளி, எழுத்தின் தலையிலேயே விழ வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு நகரா விசைகளை அமைத்து இதைத் தீர்த்தார். இயந்திரத்துக்காக எழுத்தைக் குறைக்காமல், எழுத்துக்காக இயந்திரத்தை மாற்றினார்.

2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியான செல்லினத்திலும் அதே பிடிவாதம் உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது அது. அன்றைய கைத்தொலைபேசிகள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துருவே கிடையாது. குறுஞ்செய்தி அனுப்ப வந்த செயலி, தன் எழுத்தைத் தானே சுமந்து வந்தது.

ஆண்டிராய்டில் தமிழ் இடைமுகம் 2014இல் வெளியான 5.0 பதிப்போடு வந்தது. அதில் ஒரு சமரசம் இருந்தது. ஆங்கில உயரத்துக்குக் கட்டிய பெட்டிகளில் தமிழ் அடங்க வேண்டுமே என்று, நோட்டோ தமிழ் எழுத்துருவில் உயரத்தை ஒடுக்கிய தனி வடிவம் ஒன்றைத் திரைக்கென்று வைத்தார்கள். கால் நீளமாக இருக்கிறது என்று கட்டிலை மாற்றாமல் காலை மடக்கச் சொன்ன கதைதான். நல்ல எண்ணத்தில் செய்தது, ஆனால் படிக்கச் சிரமம். 2024இல் வந்த 15ஆம் பதிப்பு, அதற்கேற்ப எழுதப்படும் செயலிகளில் முழு உயர எழுத்தையே இயல்பாக்கியது. 2025இல் வந்த 16ஆம் பதிப்பு, அந்தப் பதிப்பைக் குறிவைத்து எழுதப்படும் செயலிகளில் ஒடுக்கிய எழுத்துக்குத் திரும்பும் வழியையே மூடிவிட்டது. தமிழோடு மலையாளம், தெலுங்கு, தாய், பர்மியம், அரபு போன்றவற்றுக்கும் இதே விதி. பெட்டியை இறுக்கி வைத்திருப்பவர்கள் இனி தளர்த்தியே ஆக வேண்டும்.

பழி முழுவதையும் பொறியாளர் தலையில் போடுவதும் நியாயமில்லை. ஐபிஎம் நிறுவனத்தின் பழைய வழிகாட்டி ஒன்று, பத்து எழுத்துக்குட்பட்ட ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்த்தால் இரண்டு முதல் மூன்று மடங்கு இடம் தேவைப்படலாம் என்கிறது. தமிழுக்கு எப்போதும் அப்படியா? தேடு, சேமி, பகிர், சரி. எவ்வளவு கச்சிதம்! 'அனுப்பு' என்றால் முடிகிற இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டுவிட்டு, பொத்தான் போதவில்லை என்று புலம்புகிற மொழிபெயர்ப்பாளரும் இருக்கிறார். மரியாதை வேண்டும் என்பார்கள். பொத்தானுக்கு எதற்கு மரியாதை?

இதில் பெரிய ஆபத்து ஒரு சுழற்சி. எழுத்து வெட்டுப்பட்டுத் தெரிவதால் தமிழர் ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ மாறிவிடுகிறார். நிறுவனம் கணக்கைப் பார்க்கிறது. தமிழைத் தேர்ந்தெடுத்தவர் சிலரே என்று தெரிகிறது. அடுத்த பதிப்பில் தமிழுக்குச் செலவு எதற்கு என்று கேட்கிறது. தமிழை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பெட்டி சொல்ல வைத்தது.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கைத்தொலைபேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். எழுத்தளவை முழுதாகக் கூட்டுங்கள். 2023இல் வந்த ஆண்டிராய்டு 14 முதல் இருமடங்கு வரை கூட்டலாம். கண் மங்கிய பெரியவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள். பிறகு அன்றாடம் திறக்கும் செயலிகளை ஒவ்வொன்றாகத் திறங்கள். புள்ளி தேய்ந்த இடத்தையும், 'வேண்டாம்' காணாமல் போன இடத்தையும் திரைப்படமாகப் பிடித்து, அந்தச் செயலியின் கருத்துப் பகுதிக்கே அனுப்புங்கள். 'தமிழ் சரியில்லை' என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் புரியாது. எந்தப் பக்கம், எந்தப் பொத்தான், எந்த எழுத்தளவு என்று குறிப்பிட்டால், பெட்டியைத் தளர்த்துவது பல நேரம் ஒரே வரி வேலை.